எழுத்தாளர் வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

7 ஜனவரி 2024

தேவகோட்டை நண்பர் கேட்டது:

"எழுத்தாளரை நேரில் போய்ப் பார்ப்பது வீண் வேலை என்பது என் அனுபவம். சொல்ல வேண்டியதை அவர் புத்தகத்தில் சொல்லியாயிற்று. வீட்டில் போய் உட்கார்ந்தால் மூட்டுவலி, ராயல்டி வராத கதை, பேரன் வெளிநாட்டில் இருக்கும் கதை. இதற்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமா? ஒரு நேர்காணலால் ஒரு புத்தகம் கூடுதலாகப் புரிந்தது என்று யாராவது சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்."

7 ஜனவரி, இரவு

ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினொரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கடையை அடைக்கும் நேரம், விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

9 ஜனவரி

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதி.

2013இல் முதல்முறையாக ஒரு நாவலாசிரியர் வீட்டுக்குப் போனேன். புதுவயல் பக்கம். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மூன்று நாவலையும் இரண்டிரண்டு தடவை படித்து, நோட்டில் இருபத்திரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். உங்களைப் பாதித்தவர்கள் யார், இந்த நாவல் மூலம் சமூகத்துக்கு என்ன சொல்ல வந்தீர்கள், இன்றைய இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன. அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் ஒரு வரிகூட அவருடையதாக இல்லை. எந்த நூல் வெளியீட்டு விழாவிலும் யாரும் பேசக்கூடிய பேச்சு. தப்பு அவர்மேல் இல்லை. நான் மேடைக் கேள்வி கேட்டேன், அவர் மேடைப் பதில் சொன்னார்.

கிளம்பும்போதுதான் ஒன்று நடந்தது. காபி டம்ளரை எடுக்க வந்த ஆச்சி நின்றபடியே சொன்னார்கள்: "அந்த ரெண்டாவது கதைய இவுக நெல்லுக் குதிருக்கு மேலல்ல ஒளிச்சு வச்சிருந்தாக. எங்க மாமனார் பாத்தா அடுப்புல போட்டுருவாகன்னு."

பெரியவர் முகம் மாறிவிட்டது. அதுவரை சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சாய்ந்துகொண்டார். "ஆமா. ஆறு மாசம் அங்கதான் கெடந்துச்சு. எலி கடிச்சதுல பதினாலு பக்கம் போச்சு. திருப்பி எழுதுறப்ப அந்தப் பொண்ணச் சாகடிக்க எனக்கு மனசு வரல."

அந்த நாவலின் நடுவில் ஓரிடத்தில் கதை சட்டென்று திசை மாறும். மரணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவள் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுவாள். ஆசிரியர் வாசகனை ஏமாற்றிவிட்டார் என்று நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தைப் படிக்கும்போது, முதல்முறை அவளைக் கொன்றுவிட்டு இரண்டாம் முறை கை நடுங்கிய ஒரு மனிதர் தெரிகிறார். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, நான் படிக்கிற விதம்தான் மாறியது.

ஆச்சி பேசியபோது போனை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். இரண்டு மணி நேரப் பதிவு வீட்டில் இருக்கிறது, இந்த இரண்டு நிமிடம் இல்லை.

10 ஜனவரி

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எலி கடித்தது பதினாலு பக்கம் இல்லை, பன்னிரண்டு. பஸ்ஸில் வரும்போது எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு வருடத்தில் என் ஞாபகமே இரண்டு பக்கம் கூட்டிவிட்டது.

11 ஜனவரி

நண்பரின் மறுகேள்வி: இது வெறும் வீட்டுச் செய்திதானே, எலி இல்லாமலும் அந்த நாவல் அதே நாவல்தானே?

அதே நாவல்தான். ஆனால் ஒரு கோவிலை வெளியே நின்று கும்பிடுவதும், திருப்பணிக் கணக்கைப் பார்த்த பிறகு கும்பிடுவதும் எனக்கு ஒன்றில்லை. இரண்டாவதில் சாமி குறைந்துபோவதில்லை.

14 ஜனவரி, போகி

இன்று கடை பாதி நாள். ஆகவே வேறோர் ஆச்சியின் கதை.

எனக்குக் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை. பத்திரம், பட்டா, மார்க் ஷீட், ஜாதகம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. 2016இல் ஒரு பையன் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து, "எங்க அப்பத்தா எழுதுனது, ஒரு செட் எடுத்துக் குடுங்க" என்றான். தொட்டதும் தெரிந்துவிட்டது, இந்தக் காலத்துத் தாள் இல்லை. கனமாக, கொஞ்சம் முரடாக, ஓரம் மட்டும் தேன் நிறத்தில் பழுத்திருந்தது. ஒருபக்கம் ஒரு பெண் கையெழுத்தில் கதை. மறுபக்கம் வேறொரு கையில், எழுத்துகளைச் சேர்த்து எழுதும் பழைய கூட்டெழுத்தில் கணக்கு. பர்மாவில் ரங்கூன் வட்டிக்கடையிலிருந்து மாதாமாதம் ஊருக்கு எழுதி அனுப்பிய கணக்கின் பிரதி. கோடு போட்ட தாள் இல்லை. நீளவாக்கில் நாலாக மடித்து, அந்த மடிப்புத் தடத்தையே கட்டமாக வைத்து எழுதியிருந்தார்கள். எண்பது வருடம் கழித்தும் மடிப்பு மறையவில்லை. ஆச்சி தன் கதையை அந்த மடிப்புக்குள்ளேயே, ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் என்று, சன்னமான பத்திபோல் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். கண்டனூர்ப் பக்கம். ஆச்சிக்கு இப்போது 88 வயது. 1960களில் இருபதுக்கும் மேற்பட்ட கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன, எல்லாம் கணவர் விலாசத்தில். எங்கள் பக்கம் விலாசம் என்றால் முகவரி இல்லை, வீட்டுப் பெயரின் முன்னெழுத்துகள். கடைக்கும் அதே எழுத்து, பாத்திரத்தில் வெட்டுவதும் அதே எழுத்து. ஆச்சி கதைக்கும் அதையே போட்டார்கள். எழுதியது ஆண் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

இந்தத் தடவை நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டு போகவில்லை. தாளைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"தாளு காசு குடுத்துல்ல வாங்கணும் தம்பி. எனக்கு யாரு காசு குடுப்பா? பெட்டகத்துல கெட்டுக் கெட்டாக் கணக்குத் தாளு கெடந்துச்சு. பர்மாவே போயிருச்சு, இனிமே அந்தக் கணக்க யாரு பாக்கப் போறான்னு எடுத்து எழுதுனேன்."

எழுதியது வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆண்கள் முன்பக்கப் பட்டாலைத் திண்ணையில் தலை சாய்த்த நேரம். எழுதி முடித்ததை ஓலைக் கொட்டானில் போட்டு, மேலே மோர்மிளகாய் வற்றலைப் பரப்பி வைத்துவிடுவார்களாம். வற்றல் வறுக்கக் கொட்டானை எடுப்பது ஆச்சி மட்டும்தான், ஆகவே யாரும் தொட மாட்டார்கள். அந்தக் கொட்டானைக் காட்டினார்கள். வண்ண ஓலை முடைச்சல், மூடி விளிம்பு பிய்ந்து, சேலைக் கரையால் தைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். வற்றல் வாசனை இன்னும் இருக்கிறது.

ஆச்சி கதைகளில் எல்லாம் குட்டி வாக்கியம். ஐந்து சொல், ஆறு சொல், நிறுத்தம். அந்த மடிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. கட்டம் அவ்வளவுதான் அகலம். தாள் ஒரு எழுத்தாளரின் நடையைத் தீர்மானித்திருக்கிறது. இதை எந்த விமர்சனக் கட்டுரையும் எனக்குச் சொல்லியிருக்காது.

15 ஜனவரி

அப்படியானால் என்னதான் கேட்பது என்று ஒருவர் கேட்கிறார். கையால் தொடக்கூடியதைக் கேளுங்கள். என்ன தாள், என்ன பேனா, எந்த நேரம், வீட்டில் யாருக்குத் தெரியாமல், திரும்பி வந்த கதையை எங்கே வைத்தீர்கள். வறுமையைப் பற்றிக் கேட்டால் பொதுவாகப் பேசுவார்கள். தபால் தலைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு குறிப்பிட்ட வியாழக்கிழமையைச் சொல்வார்கள். அப்புறம், அந்த வீட்டில் இருப்பவர்கள் பேசினால் குறுக்கிடாதீர்கள். போனை வாசல்படி தாண்டும்வரை அணைக்காதீர்கள்.

பொங்கல் வாழ்த்துகள்.

28 ஜனவரி

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 1991 முதல் 1995 வரை நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து சுபமங்களா இலக்கிய மாத இதழை நடத்தினார். மாதாமாதம் ஒரு நீண்ட நேர்காணல். நான் அப்போது பள்ளிக்கூடம். நூலகத்தில் மேசைமேல் கிடக்கும், தினசரிகளுக்கு இருக்கும் போட்டி அதற்கு இல்லை. பக்கம் பக்கமாக எழுத்தாளர் பேசிக்கொண்டே போவார். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் இவ்வளவு பொறுமையாக ஒருவரைப் பேச விடலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் நாலு வாக்கியத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

கோமல் பிறந்தது காரைக்குடியில் என்பது எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சொந்த ஊர் தஞ்சைப் பக்கம், பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் தெரிந்த அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

3 பிப்ரவரி

நண்பர் மறுபடியும்: "நல்ல புத்தகத்துக்கு ஆசிரியரே வேண்டாம். ப. சிங்காரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்? அவர் நாவல் புயலிலே ஒரு தோணி நிற்கவில்லையா?"

இதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சிங்காரம் 1920இல் நம் சிங்கம்புணரியில் பிறந்தவர். சிறு வயதிலேயே கப்பலேறி இந்தோனேசியாவின் மெடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். நாவலில் வரும் மெடான் செட்டித் தெருவும், பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியும், கடை உதவியாளர்களான அடுத்தாள்களின் பேச்சும் அங்கே காதால் கேட்டவை. ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ.வில் ஓர் அறை, தனி ஆள். இரண்டே நாவல். 1972இல் இரண்டாவது வந்தபின் நாவல் எழுதவில்லை. 1997 டிசம்பரில் காலமானார்.

நான் மதுரையில் கல்லூரியில் படித்தது 1995 முதல் 1998 வரை. அந்த ஒய்.எம்.சி.ஏ. வழியாக எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த நாவலை நான் படித்தது 2001இல். படித்து முடித்த இரவு, பின்னட்டையில் இருந்த நாலு வரிக் குறிப்பைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்த தெருவில் அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார்.

என்ன கேட்டிருப்பேன் என்று இப்போதும் யோசிப்பேன். நாவலின் பொருள் பற்றி இல்லை. கடைப்பையன்கள் இரவு கடை சாத்தியபின், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் படுத்துக்கொண்டு என்ன பேசுவார்கள், அந்தப் பேச்சை எங்கே குறித்து வைத்தார், அல்லது காதிலேயே வைத்திருந்தாரா, இவ்வளவு நாள் கழித்து மதுரை அறையில் அது எப்படித் திரும்பி வந்தது. இதற்கு இனிப் பதில் கிடையாது. நாவல் நிற்கிறது, நண்பரே. ஆனால் இந்தக் கேள்விகளும் எனக்குள் நிற்கின்றன.

4 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு நியாயம் விட்டுப்போயிற்று. அவரைக் கடைசிக் காலத்தில் தேடிப்போய்ப் பேசி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவரைப் பற்றி நாம் இவ்வளவாவது தெரிந்து வைத்திருப்பது அவர்களால்தான். பஸ் ஏறிப் போனவர்கள்.

19 பிப்ரவரி

புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார்: எழுத்தாளர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்கிறார்கள், அதை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை எழுதிப் பழகிய கை, தன் வாழ்க்கையையும் கதையாகத்தான் எடுக்கும். 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்து, ஏழாயிரம் ரூபாய்க்குக் காரைக்குடியில் பிள்ளை கூட்டப்பட்ட, அதாவது தத்துக் கொடுக்கப்பட்ட கண்ணதாசன், வனவாசம் என்ற தன்வரலாற்றில் தன்னை 'அவன்' என்றே எழுதுகிறார். நான் என்று சொல்ல முடியாததையெல்லாம் அவன் என்று வைத்துக்கொண்டு சொல்லிவிட முடிந்திருக்கிறது. விலைக்குப் போன பிள்ளை என்ற வலியை ஒருவர் எப்படித்தான் நேராகப் பேசுவார்? நேரில் பேசுகிற எழுத்தாளரும் பல நேரம் அவனைப் பற்றித்தான் பேசுகிறார். கேட்கிறவருக்கு அந்தக் காது வேண்டும்.

ஆனால் தேதி வேறு விஷயம். தேதியை நம்பக் கூடாது. முதல் கதை 1958இல் வந்தது என்று ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார், இதழைத் தேடிப் பிடித்தால் 1961. இதனால்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா எனக்குப் பெரிய மனிதர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. வாய் சொல்வதைத் தாளோடு ஒத்துப் பார்க்க ஓரிடம் வேண்டும். அதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் கைக்காசில் தொடங்கினார் என்பதில் எனக்குப் பெருமை.

1961ஐக் காட்டியதும் அவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "அப்படியா, அப்ப அந்த மூணு வருஷம் என்ன பண்ணேன்?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவர் மலேயா போய் வந்த கதை வெளியே வந்தது.

2 ஏப்ரல்

வேலை அதிகம், பரீட்சைக் காலம். இந்தப் பங்குனியில் நாட்டரசன்கோட்டை போய்வந்தேன். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா, காரைக்குடியில் நடந்து, அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் உள்ள கம்பர் சமாதியில் முடியும். பேச்சு, பட்டிமன்றம் எல்லாம் முடிந்து, சமாதியில் கூட்டம் கலைந்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தது. அந்த இடத்து மண்ணைத் துளி எடுத்துக் குழந்தை நாக்கில் வைத்தார்கள். வைத்தால் கவி வரும் என்று ஊரில் நம்பிக்கை.

கண்டனூர் ஆச்சிக்கும் வைத்தார்களாம், அவர்கள் பாட்டியான ஆயா. "எங்க ஆயா எனக்கு மட்டும்தான் வச்சாக. அண்ணனுக்கு வைக்கல. ஏன்னு கேட்டேன், அவனுக்குப் பர்மா இருக்கு, உனக்கு என்ன இருக்குன்னாக."

இந்த விவாதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பல வருடம் போய்வந்த பிறகுதான் ஆச்சி இதைச் சொன்னார்கள். ஒரே தடவை போனால் கிடைக்காது.

11 ஏப்ரல்

ஜனவரி 14இல் எழுதியதைத் திருத்த வேண்டும். பெரிய திருத்தம்.

இன்று காலை ஆச்சி போன் பண்ணினார்கள். நான் இங்கே எழுதுவதைப் பேரன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"ஏந் தம்பி, மடிப்பு சின்னதா இருந்துச்சு, அதுனால சின்னச் சின்னதா எழுதுனேன்னா போட்டிருக்கிய? யாரு சொன்னா?"

நான்தான் என்றேன்.

"மடிப்பத் தாண்டி எழுதத் தெரியாதா எனக்கு? அது எங்க அப்பச்சி கடுதாசி மாதிரி."

அப்பச்சி, அதாவது ஆச்சியின் அப்பா, ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் பத்தோ பன்னிரண்டோ வீட்டில் இருந்ததாம். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அப்பச்சி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வந்தபிறகு பேச்சே குறைந்துவிட்டது. ஆகவே ஆச்சிக்கு அப்பச்சியின் குரல் என்றால் அந்தக் கடிதங்கள்தான். இவ்விடம் சுகம். மழை இல்லை. நெல் விலை இறக்கம். ஐம்பது அனுப்பியிருக்கிறேன். பிள்ளைக்கு மருந்து வாங்கவும்.

"அது மாதிரி எழுதுனா ஆம்பளை எழுதுனதுன்னே நெனைப்பாக. பொம்பளைன்னா வளவளன்னு எழுதுவான்னு பத்திரிகைக்காரக நெனைப்பு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல பாத்தியளா."

எட்டு வருடமாக அந்த மடிப்புக் கதையை நாலு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆச்சியிடம் தாளைப் பற்றிக் கேட்டேன், வாக்கியத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை நானே கண்டுபிடித்துவிட்டதாக முடிவு கட்டிக்கொண்டேன். கையால் தொடக்கூடியதைக் கேளுங்கள் என்று ஜனவரியில் எல்லாருக்கும் சொன்னேன். தொட்டதிலிருந்து அவசரமாக முடிவுக்குப் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 ஏப்ரல்

நண்பருக்கு: ஆமாம், இது உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், நேரில் போயும் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஆனால் திருத்தியது யார்? புத்தகம் எனக்குப் போன் பண்ணாது.

5 மே

தனிச்செய்தியில் ஒரு கேள்வி. பேசியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்தாளரிடம் காட்ட வேண்டுமா?

வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்டது. 2018இல் ஒரு கவிஞரோடு பேசியதை ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். அவர் ஒரு மூத்த கவிஞரைப் பற்றி, "அவரைப் படித்துவிட்டுத்தான் நான் எழுத வந்தேன், ஆனால் அவர்போல எழுதக் கூடாது என்று முதல் நாளே தீர்மானித்தேன்" என்றார். இதழில் தலைப்பு என்னவாக வந்தது தெரியுமா? பின்பாதி மட்டும். முன்பாதி உள்ளே ஏழாம் பக்கத்தில். கவிஞர் என்னிடம் இரண்டு வருடம் பேசவில்லை. அந்த மூத்தவர் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் தவித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தலைப்பு வைத்தது நான் இல்லை. ஆனால் அவர் நம்பிப் பேசியது என்னிடம்.

அதற்குப் பிறகு தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வெட்டுவார்கள். நல்லதைத்தான் வெட்டுவார்கள், அது உண்மை. ஒருவர் தன் ஆத்தாவைப் பற்றிச் சொன்ன ஒரு பத்தியை முழுதாக அடித்துவிட்டார். அந்தப் பேட்டியிலேயே உயிர் அதில்தான் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். "எழுதணும்னா நான் எழுதியிருக்க மாட்டேனா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்தி என் வீட்டில் இருக்கிறது, அச்சுக்குப் போகாது.

6 மே

இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பத்தியை வீட்டில் வைத்திருப்பதே சரியா? அவரிடம் கேட்டு, வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன்.

9 மே

கேட்டேன். "வச்சுக்க. எனக்கப்புறமும் போடாத" என்றார்.

12 மே

சமாதானமாகிறாற்போல நண்பர் எழுதியிருக்கிறார், ஒருநாள் தானும் கண்டனூர் வரலாமா என்று. வாருங்கள். நம் பக்கத்து மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்பார்கள். பெரியவரைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியவரை இகழவும் வேண்டாம் என்று பாடிய கணியன் பூங்குன்றனாரின் மண். எழுத்தாளர் வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு அந்த வரி வேண்டியிருக்கிறது. முதல் வருடங்களில் வியந்து வியந்தே எத்தனையோ கேள்வியைக் கெடுத்தேன்.

2 ஜூன்

இன்று போய்வந்தோம். எழுதாமல் படுக்க முடியவில்லை.

நண்பர் ஓய்வு பெற்ற தபால்காரர், இதை இங்கே எழுதலாம் என்று அனுமதி வாங்கிவிட்டேன். முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே, "நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றார். ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்துக் கொடுத்தார்கள். வழக்கம்போல நானே பேசிக்கொண்டிருந்தேன். நண்பர் கொட்டானிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். படிப்பதுதானே அவர் கட்சி.

பர்மாக் கதை ஒன்று ஆச்சிக்கு உண்டு. கடன் வாங்கிய ஒரு பர்மியப் பெண், அறுவடை முடிந்து கடைவாசலில் வந்து நிற்பாள். உள்ளே போக மாட்டாள். கதை முழுக்க நின்றுகொண்டே இருப்பாள். பெயர் மா மியா. 1964இல் வந்த கதை, நண்பருக்கு வரிக்கு வரி பாடம்.

படித்துக்கொண்டே வந்தவர் ஒரு தாளைத் திருப்பினார். கதையை மட்டும் படிக்கிற மனிதர், என்ன தோன்றியதோ, கணக்குப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆச்சி, இது என்ன எழுத்து? ம-வில் ஆரம்பிக்கிறது."

ஆச்சி வாங்கிப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாமலே படித்தார்கள். "மா மியா. பற்று ௩௱௪௰. முன்னூத்தி நாப்பது ரூவா, எட்டணா."

நான் அந்தத் தாளை 2016இலேயே ஜெராக்ஸ் எடுத்தவன். இரண்டு பக்கமும் எடுத்திருக்கிறேன். கூட்டெழுத்தும் தமிழ் எண்ணும் எனக்குப் படிக்க வராது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். ஆச்சியிடம் படித்துக் காட்டச் சொல்லலாம் என்று எட்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"கதைக்குப் பேரு வேணும்னு தாளத் திருப்புனேன். அவ பேரு இருந்துச்சு," என்றார்கள் ஆச்சி. "மொதல்ல பேரு மட்டுந்தான் எடுத்தேன். பொறகு தாளு தாளாத் தேடுனேன். ஒம்பது மாசத்துக் கணக்குல அவ இருக்கா. கடைசி ரெண்டுல இல்ல."

நண்பர் கேட்டார்: "கட்டி முடிச்சிட்டாளா?"

"கட்டியிருந்தா வரவு எழுதியிருப்பாக. எழுதல. நெலத்த எடுத்திருப்பாக."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முற்றத்தில் காக்கை வற்றலைக் கொத்த வந்தது, ஆச்சி கையை வீசி விரட்டினார்கள்.

3 ஜூன்

காலையில் நண்பர் போன். அவரும் தூங்கவில்லை. அவர் சொன்னது: கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1938இல் 25. விலை விழுந்து, கடன் நின்று, நிலம் கை மாறிய காலம். இந்த எண்கள் எனக்கும் முன்பே தெரியும், வரலாற்று நூல்களில் வருகிறவைதான். அந்த 25க்குள் மா மியாவின் வயலும் இருந்திருக்கலாம் என்று நேற்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அவள் ஏன் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறாள் என்று கல்லூரி நாளிலிருந்து நண்பர் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறோம். ஆச்சி அந்தக் கூட்டெழுத்தை எங்கள் இருவருக்கும் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் எல்லா மாதக் கணக்கையும் வரிசைப்படுத்த வேண்டும் என்கிறார். நான் கடையிலிருந்து நல்ல பிரதி எடுத்துக்கொண்டு வருகிறேன், இந்தத் தடவை அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கறுப்புக் கூட்டி.